தலைக்கணக்கு இருக்கிறது, தூரக்கணக்கு எங்கே?

மே 12 செவிலியர் நாள். ஜூலை 1 மருத்துவர் நாள். இவ்விரு நாள்களிலும் வாழ்த்துச் செய்திகளோடு வெளியாகும் படங்களை அடுக்கிப் பார்த்தால் பெரும்பாலானவை ஏதோவொரு கட்டடத்துக்குள் எடுக்கப்பட்டவையாக இருக்கும். வார்டு, அறுவை அரங்கு, தீவிர சிகிச்சைப் பிரிவு, மெழுகுவத்தி ஏந்திய உறுதிமொழி. மருத்துவப் பணி என்றதும் நம் மனத்தில் ஒரு கட்டடம்தான் எழுகிறது. நோயாளி அதைத் தேடி வருகிறார். மருத்துவரும் செவிலியரும் அங்கே இருக்கிறார்கள். ஆனால், பொதுச் சுகாதாரத்தில் தமிழ்நாடு பெருமையோடு சொல்லிக்கொள்ளும் பல சாதனைகள் எதிர்த்திசையில் நடந்தவை. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிராம சுகாதார செவிலியர் ஊர் ஊராகப் போனார். சுகாதார ஆய்வாளர் தண்ணீர்த் தொட்டிகளைத் திறந்து பார்த்தபடி தெருக்களைச் சுற்றினார். இன்றைக்கு மாத்திரைப் பையோடு ஒரு பெண் தன்னார்வலர் வீட்டு வாசலில் நிற்கிறார். இவர்களை நாம் பாராட்டாமல் இல்லை. பொன்னாடை போர்த்துகிறோம், விருது தருகிறோம். அவர்கள் போய்வரும் தூரத்தை மட்டும் எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை. பயணத்தைப் பணிக்கு நடுவே வரும் அலைச்சலாகப் பார்க்கும் வழக்கம் போக வேண்டும். பணியிடங்களையும் வேலை நேரத்தையும் ஊதியத்தையும் தீர்மானிக்கும்போது தூரமும் ஓர் அளவுகோலாக நுழைய வேண்டும் என்பதே இங்கே வைக்கப்படும் வாதம்.

இப்போதைய அளவுகோல் எளிமையானது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று. தமிழ்நாட்டில் இப்படி 8,713 நிலையங்கள் இருக்கின்றன. 5,000 பேர் உள்ள பகுதியில், ஆயிரம் பேருக்குச் சுமார் 13 பிறப்பு என்று வைத்துக்கொண்டால், ஓராண்டில் 65 குழந்தைகள் பிறக்கும். பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாள்களில் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது தேசிய வழிகாட்டுதல். ஆக, பிறந்த குழந்தைகளுக்காக மட்டும் ஆண்டுக்கு 390 வீட்டு வருகைகள். பிற மாநிலங்களில் இந்தப் பொறுப்பைப் பெரும்பாலும் ஆஷா பணியாளர்கள் ஏற்கிறார்கள். தமிழ்நாட்டிலோ மலைக் கிராமங்களிலும் எளிதில் எட்ட முடியாத சில பகுதிகளிலும்தான் ஆஷாக்கள் உண்டு. மற்ற இடங்களில் இந்தச் சுமை கிராம சுகாதார செவிலியர் தலையில் விழுகிறது. வாரத்தில் செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் பரிசோதனை, புதன்கிழமை தடுப்பூசி. மிச்சமிருக்கும் நாள்களில்தான் ஊர்களுக்குப் போயாக வேண்டும். இந்த 390 வருகைகளும் ஒரே தெருவில் நடக்கின்றனவா, மூன்று மலைச்சரிவுகளில் சிதறிக் கிடக்கும் பதினைந்து குக்கிராமங்களில் நடக்கின்றனவா என்று நம் அளவுகோல் கேட்பதே இல்லை. மலைக்கு 2,000 பேரைக் குறைத்துக் கொடுத்ததோடு அதன் கரிசனம் முடிந்துவிடுகிறது. கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போன பிறகுதான் ஊர்களுக்கு இடையிலான நடை தொடங்கும்.

இந்தப் பணி எப்படி ஒருவர் கைக்கு வந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு காலத்தில் மலேரியாவுக்கு ஒருவர், அம்மை குத்த ஒருவர், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒருவர், பேறுகாலத்துக்கு ஒருவர் என்று ஒரே வீட்டுக் கதவைப் பலர் தட்டிக்கொண்டிருந்தார்கள். 1973இல் அறிக்கை தந்த கர்தார் சிங் குழு, இவர்களை ஒன்றாக்கிப் 'பல்நோக்குப் பணியாளர்' என்ற ஏற்பாட்டைப் பரிந்துரைத்தது. குறைவான குடும்பங்கள், குறைவான தூரம், எல்லா வேலைக்கும் ஒரே ஆள். அன்றைய நிலையில் அது நியாயமான யோசனை. அதன் பிறகு வந்த ஒவ்வொரு திட்டமும் 'எல்லா வேலைக்கும் ஒரே ஆள்' என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இரும்புச்சத்து மாத்திரை, மகப்பேறு நிதியுதவிக்கான விண்ணப்பம், கர்ப்பிணிகளுக்கான பிக்மி எண் பதிவு, கணினியில் ஏற்ற வேண்டிய பட்டியல்கள் என்று நோக்கங்கள் பெருகின. கால்கள் இரண்டுதான்.

தூரத்தை அரசு கடக்க மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் சற்று நேரத்தில் இறந்தன. மாநிலமே அதிர்ந்தது. இனி கிராமங்களில் வைத்துத் தடுப்பூசி போட வேண்டாம், மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே போடலாம் என்று அரசு முடிவெடுத்தது. அந்தச் சூழலில் யார் பொறுப்பில் இருந்தாலும் அப்படித்தான் முடிவெடுத்திருப்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் முன்னால் நின்று புள்ளிவிவரம் பேச முடியாது. ஆனால், அந்த முடிவு ஒரு பயணத்தைச் செவிலியரின் தோளிலிருந்து இறக்கித் தாய்மாரின் தோளில் ஏற்றியது. முன்பு ஒருவர் பெட்டியோடு ஊருக்கு வந்தார். இப்போது கைக்குழந்தையோடு ஊரில் உள்ள ஒவ்வொரு தாயும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பேருந்து பிடித்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டியதாயிற்று. ஒருவர் நடந்த தூரத்தை ஊரே நடந்தது.

விளைவைத் தேசிய குடும்பநல ஆய்வின் எண்களில் பார்க்கலாம். தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசிகளையும் முழுமையாகப் போட்டுக்கொண்ட குழந்தைகளின் விகிதம் 2005-06இல் 81 சதவீதம். 2015-16இல் அது 70 சதவீதமாக இறங்கியது. நாடு முழுவதும் இந்த விகிதம் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. முன்னணியில் இருந்த மாநிலமோ சறுக்கியது. தடுப்பூசி மீதான அச்சம், அட்டைகளைச் சரியாக வைத்திருக்காதது, நகரங்களில் தனியார் மருத்துவமனையை நாடுவது எனப் பிற காரணங்களும் இதில் கலந்திருக்கும். மொத்தச் சரிவையும் ஒரே ஓர் உத்தரவின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. ஆயினும், ஊருக்குள் தடுப்பூசி போடுவது மீண்டும் படிப்படியாக வழக்கத்துக்கு வந்த பிறகு, 2019-21 ஆய்வில் விகிதம் 89 சதவீதத்துக்கு ஏறியது. மருந்தும் அதுதான், மருத்துவ நிலையங்களும் அவைதான். இறங்கியதற்கும் ஏறியதற்கும் நடுவே பெரிதாக மாறிய விஷயங்களில் ஒன்று, யார் யாரைத் தேடிப் போனார்கள் என்பது.

இன்னொரு சான்று நம் கண்ணெதிரே இருக்கிறது. 2020இல் தமிழ்நாட்டில் நடத்தப்பட்ட தொற்றா நோய்கள் குறித்த 'ஸ்டெப்ஸ்' ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 சதவீதத்தினருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருப்பது தெரியவந்தது. மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லாத, மருந்தை இலவசமாகத் தரும் மாநிலத்தின் நிலை இது. பிரசவ வலி வந்தவரும் கையை முறித்துக்கொண்டவரும் மருத்துவமனைக்கு ஓடுவார்கள். ரத்த அழுத்தம் வலிக்காது. மாதம் ஒருநாள் வேலையை விட்டு, வரிசையில் நின்று, வலிக்காத நோய்க்கு மாத்திரை வாங்க எத்தனை கூலித் தொழிலாளர்களால் முடியும்? 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இந்தக் கேள்விக்கு நேரடியான பதில். தன்னார்வலர்கள் வீட்டிலேயே அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். இயன்முறை சிகிச்சையாளரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் படுக்கையில் கிடப்பவர்களைத் தேடிப் போகிறார்கள். வீட்டில் செய்துகொள்ளும் டயாலிசிஸுக்கான திரவப் பைகளும் வாசலுக்கு வருகின்றன. சில ஆண்டுகள் கழித்து நடந்த இரண்டாம் சுற்று ஆய்வில் கட்டுக்குள் இருப்போர் விகிதம் ரத்த அழுத்தத்தில் 17, சர்க்கரையில் 16.7 என உயர்ந்தது. 2024இல் ஐக்கிய நாடுகள் அவையின் பணிக்குழு விருதும் திட்டத்துக்குக் கிடைத்தது. எத்தனை கோடிப் பேர் பயனடைந்தார்கள் என்பது பற்றி ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சிகளும் மல்லுக்கட்டியதற்குப் பதிலாக இந்த இரண்டு எண்களைப் பற்றி விவாதித்திருக்கலாம். ஆறில் ஐந்து பேருக்கு நோய் இன்னும் கட்டுக்குள் வரவில்லை என்பதும் அவற்றில்தான் அடங்கியிருக்கிறது.

வாகனத்தில் ஏறி ஊருக்குள் போவது எல்லாமே ஒன்று என்று எடுத்துக்கொண்டால் வாதம் பிசகிவிடும். தமிழ்நாட்டில் மருத்துவ முகாம்களுக்கு நீண்ட மரபு உண்டு. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேலூரில் ஐடா ஸ்கடர் சாலையோர மரத்தடிகளில் நோயாளிகளைப் பார்த்தார். 1976இல் மதுரையில் மருத்துவர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, முகாம்களையே முதுகெலும்பாகக் கொண்டு வளர்ந்தது; உலகமே அதைப் படித்தது. ஆனால், கண் நோய் இருந்தவர்களில் எத்தனை பேர் முகாமுக்கு வந்தார்கள் என்று தமிழக கிராமங்களில் ஆராய்ந்தபோது, கிடைத்த விடை 100க்கு ஏறத்தாழ 7 பேர் என்பதுதான். 1999இல் வெளியான ஆய்வு அது. அரவிந்த் அந்த எண்ணை மறைக்கவில்லை. கிராமங்களுக்கு அருகிலேயே நிரந்தரப் பார்வை மையங்களைத் திறக்கத் தொடங்கியது. ஒருநாள் வந்துவிட்டுப் போகும் குழுவுக்கும் மாதந்தோறும் வரும் அதே முகத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெரிகிறது. ஒலிபெருக்கி கட்டிய முகாமுக்குப் போகாத மூதாட்டி, 'நர்ஸம்மா' சொன்னால் போவார். அந்தச் சொல்லில் உள்ள உரிமை ஆண்டுக்கணக்கில் நடந்து சேர்த்தது.

அமெரிக்காவில் பயணச் செவிலியர் என்றே ஒரு தொழில் இருக்கிறது. ஆள் பற்றாக்குறை உள்ள மருத்துவமனைக்கு, பெரும்பாலும் 13 வார ஒப்பந்தத்தில் போய் வேலை பார்ப்பார்கள். தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் தனியே பணம் உண்டு. கொரோனா காலத்தில் அவர்களின் வாரச் சம்பளம் பல மடங்கு எகிறியது. இடம்பெயர்ந்து வேலை செய்வதற்கு ஒரு விலை உண்டு என்பதை அங்கே சந்தை ஒப்புக்கொள்கிறது. அந்த ஒப்புதலை நாம் கற்றுக்கொள்ளலாம். ஏற்பாட்டை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டாம். 13 வாரத்தில் கிளம்பிவிடுபவருக்கு எந்த வீட்டு மருமகள் இரத்தசோகையை மறைக்கிறாள் என்பது தெரியாது. அதே நாட்டில் இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி ஒன்று நூறாண்டுகளுக்கு முன்பே உருவானது. 1925இல் கென்டக்கி மலைப்பகுதியில் மேரி பிரெக்கின்ரிட்ஜ் தொடங்கிய எல்லைப்புறச் செவிலியர் சேவையில், குதிரையேறிப் போன செவிலியர்கள் பிரசவம் பார்த்தார்கள். அவர்களுடைய மையங்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 மைல் ஆரத்துக்குள் உள்ள குடும்பங்களைப் பார்த்துக்கொள்ளும்படி திட்டமிடப்பட்டன. குதிரை எவ்வளவு தூரம் போகும் என்று யோசித்து எல்லை வகுத்தார்கள். நாம் தலைகளை எண்ணி எல்லை வகுத்தோம்.

இந்த வாதத்துக்கு எழும் மறுப்புகளில் வலுவானது, காலம் மாறிவிட்டது என்பது. தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. 2008 முதல் 108 ஊர்தி அழைத்தால் வருகிறது. பெரும்பாலான ஊர்களுக்குத் தார்ச்சாலை வந்துவிட்டது. அப்புறம் எதற்குச் செவிலியர் வீடு வீடாகப் போக வேண்டும்? அவசரத்துக்கான பதில் 108. அந்த ஊர்தியின் மருத்துவ உதவியாளரும், 'பைலட்' என்று அழைக்கப்படும் ஓட்டுநரும் பயணத்திலேயே வாழ்பவர்கள்தான்; அவர்களுக்கும் இந்தக் கட்டுரையின் கோரிக்கை பொருந்தும். ஆனால், அழைக்கிற அளவுக்கு நோய் முற்றியவர்களிடம்தான் 108 போகும். அழைக்கத் தோன்றாத நோய்களே இன்று நம் பெரும் சுமை. அந்த 99.6 சதவீதமும் தானாக வந்துவிடவில்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்து, தேதியை நினைவூட்டி, மாமியாரைச் சம்மதிக்கவைத்து, பிரசவத்துக்கு முன்பே மருத்துவமனைக்கு அனுப்பிய பல்லாயிரம் வீட்டு வருகைகளின் பலன் அது. ஏணியைப் பிடித்து ஏறியவர்கள் மேலே நின்று ஏணி எதற்கு என்று கேட்கக் கூடாது.

தொலைமருத்துவம் வந்துவிட்டதே, 'இ-சஞ்சீவனி'யில் மருத்துவரிடம் பேசிக்கொள்ளலாமே என்பது அடுத்த மறுப்பு. நல்ல கருவிதான். செல்பேசித் திரையில் மருத்துவரின் முகம் தெரியும். காலில் வீக்கத்தை அழுத்திப் பார்க்கவும், குழந்தையை எடைபோடவும், படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்டவும் ஒரு கை அந்த வீட்டில் இருக்க வேண்டும். திரைக்கு இந்தப் பக்கம் செவிலியர் உட்கார்ந்திருந்தால் தொலைமருத்துவம் பயனுள்ளது. அவரில்லாமல் அது இன்னொரு தொலைபேசி எண்.

சேவையைக் காசால் அளக்கலாமா என்று சிலர் நெகிழ்ச்சியோடு கேட்பார்கள். இந்தக் கேள்வி அறுவை சிகிச்சை நிபுணரிடம் கேட்கப்படுவதில்லை. தெருவில் நடக்கும் பெண் பணியாளர்களிடம்தான் கேட்கப்படுகிறது. 2022இல் ஆஷா பணியாளர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் உலகளாவிய சுகாதாரத் தலைமைத்துவ விருதை வழங்கியது. விருது பெற்றவர்கள் அதற்கு முன்பும் பின்பும் பல மாநிலங்களில் ஊதியத்துக்காகச் சாலையில் உட்கார்ந்தார்கள். 'தன்னார்வலர்' என்று பெயர் வைத்துவிட்டால் ஊதியம் ஊக்கத்தொகையாகிவிடுகிறது, வேலை நேரம் மனசாட்சியாகிவிடுகிறது. தமிழ்நாட்டில் வீட்டு வாசலுக்கு மாத்திரை கொண்டுபோகும் பெண்களுக்கும் இதே பெயர்தான். கிராம சுகாதார செவிலியருக்கு நிலையான பயணப்படி தரப்படுகிறதே என்றால், எல்லோருக்கும் ஒரே தொகை என்பதுதான் அதன் கோளாறு. திருவாரூர் வயல்வெளியில் மொபெட் ஓட்டுபவருக்கும் கல்வராயன் மலையில் வண்டியை நிறுத்திவிட்டு நடப்பவருக்கும் தூரம் ஒன்றாக இருக்க முடியாது. தூரத்துக்கு ஏற்பக் கொடுத்தால் பொய்க் கணக்கு எழுதுவார்களே என்ற ஐயம் நிதித்துறைக்கு எழும். அதற்கு ரசீது வேண்டாம், நாளுக்கு நான்கு முறை இருப்பிடத்தைப் படமெடுத்து அனுப்பும் செயலியும் வேண்டாம்; அந்தச் செயலிகள் தின்னும் நேரம் ஏற்கெனவே அதிகம். ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்தின் நிலப்பரப்பு, குக்கிராமங்களின் எண்ணிக்கை, சாலையின் தன்மை ஆகியவற்றை ஒருமுறை அளந்து, அதற்கேற்ப நிலையத்தைத் தரம் பிரித்தால் போதும். படியும் கூடுதல் பணியிடமும் அந்தத் தரத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆளைக் கண்காணிக்காமல் நிலத்தை அளக்கும் முறை இது. 8,713 நிலையங்கள் அனைத்திலும் செலவு கூடிவிடாது. ஜவ்வாது, பர்கூர், கொல்லிமலை போன்ற பகுதிகளிலும் சிதறிய குடியிருப்புகள் உள்ள வறண்ட மாவட்டங்களிலும்தான் கூடும்.

பாதுகாப்பு பற்றிய பேச்சும் கட்டடத்தைத் தாண்டவில்லை. 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட பின்னர் உச்ச நீதிமன்றம் தேசியப் பணிக்குழுவை அமைத்தது. கண்காணிப்புக் கேமரா, ஓய்வறை, வாயிற்காவல் என்று நாடெங்கும் விவாதம் நடந்தது; தேவையான விவாதம். மாலை மங்கிய பிறகு முந்திரிக்காட்டு ஒற்றையடிப் பாதையில் தனியே திரும்பும் செவிலியருக்கு எந்த வாயிலில் காவலர் நிற்பார்? இரண்டு பேராகப் போகும் ஏற்பாடு, பொழுதுசாயும் முன் திரும்பும்படி வகுத்த நிரல், தங்க வேண்டி வந்தால் பூட்டக்கூடிய கதவும் கழிப்பறையும் உள்ள குடியிருப்பு ஆகியவையே அவருக்கான பாதுகாப்புச் சட்டம். பயணத்தைப் பணி நேரமாகக் கணக்கிட்டாலே இவற்றில் பாதி தானாக நடந்துவிடும். ஏனெனில், பகல் பொழுதுக்குள் எத்தனை வீடு முடியும் என்ற கேள்வி அப்போதுதான் அதிகாரிகளின் மேசைக்கு வரும்.

நாமக்கல் மாவட்டத்தின் போதமலைக்குச் சாலை இல்லாதிருந்த காலமெல்லாம், தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தலையில் சுமந்துகொண்டு அலுவலர்கள் மலையேறும் படம் நாளிதழ்களில் தவறாமல் வரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் அந்தப் பயணத்துக்குத் தேர்தல் ஆணையம் ஆள், நேரம், படி எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்கிட்டு ஒதுக்குகிறது. மாதந்தோறும் நடக்கும் பயணத்துக்கு அதே கணக்கைக் கேட்பது பெரிய ஆசையாகத் தெரியவில்லை. நம் பணியிடங்கள் இன்னமும் 2011 மக்கள்தொகையை வைத்தே பேசப்படுகின்றன. அடுத்த கணக்கெடுப்பு 2027இல் முடியும்போது துணை சுகாதார நிலையங்களின் எல்லைகளை எப்படியும் திருத்தி வரைந்தாக வேண்டும். அந்த வேலையைத் தொடங்கும் முன், ஒவ்வொரு நிலையத்துக்கும் எதிரே மக்கள்தொகையோடு கிலோமீட்டரையும் குறித்த ஒரு பட்டியலை மக்கள் நல்வாழ்வுத் துறை வெளியிடட்டும். அடுத்து வரும் மே 12 அன்று பொன்னாடைகளோடு அந்தப் பட்டியலையும் மேடையில் வைக்கட்டும்.